ஒற்றைக் காலோடு 5,373 கிலோமீட்டர்: டெரி ஃபாக்ஸ் அதை எப்படிச் செய்தார்?

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஒற்றைக் காலோடு கனடாவைக் கடக்க ஓடிய டெரி ஃபாக்ஸைப் பற்றி உங்கள் மகன் உயர்நிலை இரண்டில் தமிழ் வகுப்புக்காக ஐந்து நிமிடம் பேச வேண்டும். படித்த இடத்திலெல்லாம் "மன உறுதி" என்ற ஒரே சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கால் இல்லாதவர் தினமும் மாரத்தான் தூரம் ஓடியது எப்படி, ஓடியதால்தான் புற்றுநோய் திரும்பியதா, உங்கள் வட்டாரத்தில் அவர் வழியில் ஒரு நிதி ஓட்டம் நடத்த என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மன உறுதி உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, அந்தப் பையன் கணக்குப் போட்டு வேலை செய்தவன் என்பது. மகன் அதைப் பேசினால் வகுப்பு கவனித்துக் கேட்கும்.

முதலில் அந்தத் தூரத்தை நம் சிங்கப்பூர் அளவில் வைத்துப் பார்ப்போம். சாங்கி பக்கம் தொடங்கி துவாஸ் வரை போகும் தீவு விரைவுச்சாலையின் நீளம் 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். டெரி ஒரு நாளைக்கு ஓட நினைத்த தூரம் 26 மைல், அதாவது கிட்டத்தட்ட அதே 42 கிலோமீட்டர். 1980 ஏப்ரல் 12 முதல் செப்டம்பர் 1 வரை, 143 நாளில் அவர் ஓடியது 5,373 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஏறக்குறைய 125 தடவை ஓடியதற்குச் சமம். வகுத்துப் பார்த்தால் நாளுக்குச் சராசரி 37.6 கிலோமீட்டர் வரும். "தினமும் 42" என்று எழுதுகிறவர்கள் ஓடாமல் நின்ற நாள்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கனடா தினமான ஜூலை 1 அன்று ஒட்டாவாவில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அவர் மாண்ட்ரியலில் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். உடம்பு ஒத்துழைக்காத நாள்களும் இருந்தன. மகன் 37.6 என்ற எண்ணையே சொல்லட்டும்.

பிறப்பு வளர்ப்பு சுருக்கமாகப் போதும். 1958 ஜூலை 28, வின்னிபெக். வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கோக்விட்லம். உயரம் குறைவு, கூடைப்பந்தில் பெரிய திறமையும் இல்லை. எட்டாம் வகுப்பில் அந்தப் பருவம் முழுக்க அவரைக் களத்தில் இறக்கியது ஒரே ஒரு நிமிடம். பள்ளியை முடிக்கும்போது நண்பர் டக் ஆல்வர்டோடு சேர்ந்து அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டாளர் விருதைப் பெற்றார். பிறகு சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் படித்தார். இந்தப் படிப்பை நினைவில் வையுங்கள். தன் உடம்பை ஒரு பாடமாகப் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

1976 நவம்பரில் ஒரு கார் விபத்து, வலது முட்டியில் வலி. டிசம்பரில் வலி மறுபடி வந்தபோது கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்தது. பெரும்பாலும் முட்டியை ஒட்டித் தொடங்கும் ஓர் எலும்புப் புற்றுநோய் அது. விபத்துதான் காரணம் என்று அவர் நம்பினார். மருத்துவர்கள் தொடர்பில்லை என்றார்கள். விபத்து நோயை உண்டாக்குவதில்லை. அடிபட்டதால் வலி என்று எல்லாரும் எண்ணிவிட, நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறது. பதின்ம வயதினர் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள்: முட்டிக்கு மேலோ கீழோ வாரக்கணக்கில் தீராத வலி, ஓய்விலும் இரவிலும் கூடும் வலி, ஒரு பக்கம் மட்டும் வீக்கம். இவை இருந்தால் "வளர்ச்சி வலி" என்று விட்டுவிடாமல் பலதுறை மருந்தகத்தில் ஓர் எக்ஸ்ரே கேட்பது தப்பே இல்லை.

மார்ச் 9ஆம் தேதி வலது காலை முட்டிக்கு மேல் 15 சென்டிமீட்டரில் எடுத்தார்கள். வயது 18. முந்தைய நாள் இரவு, நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த கால் இழந்தவரான டிக் டிராமைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் பள்ளிப் பயிற்றுநர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் செயற்கைக் காலில் நடந்தார். பிறகு 16 மாதம் கீமோதெரபி. பிழைக்க 50 சதவிகித வாய்ப்பு உண்டு என்று அவரிடம் சொன்னார்கள். இரண்டே ஆண்டுக்கு முன் அது 15 சதவிகிதமாக இருந்தது என்றும் சொன்னார்கள். அந்த வித்தியாசம் ஆராய்ச்சியால் வந்தது, ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பது அவர் மனத்தில் தைத்தது. சிகிச்சைக் கூடத்தில் பார்த்த குழந்தைகளின் வேதனையும் சேர்ந்துகொண்டது. ஓட்டத்தின் வேர் இதுதான்.

சரி, எப்படி ஓடினார்?

மகன் இதை மேசையருகே நின்றபடி செய்தே காட்டலாம். டெரியின் கால் இன்று நாம் போட்டிகளில் பார்க்கும் வளைந்த கார்பன் கத்தி அல்ல. வேன் ஃபிலிப்ஸ் என்ற, தானும் கால் இழந்த பொறியாளர் கார்பன் இழைப் பாதத்தைக் கொண்டுவந்தது 1980களின் நடுவில். ஓட்டத்துக்கான கத்திகள் அதற்கும் பிறகு. டெரியிடம் இருந்தது கண்ணாடியிழையும் எஃகும் சேர்ந்த கால், அடிப்படையில் நடப்பதற்காகச் செய்தது. முட்டியும் செயற்கை. ஓர் அடி வைத்ததும் அந்தக் காலின் விசைச்சுருள்கள் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த அடி வைத்தால் முட்டி மடங்கிக் கீழே விழ வேண்டியதுதான். அதனால் அந்த இடைவெளியை நிரப்ப, நல்ல இடது காலால் ஒரு துள்ளல் கூடுதலாகப் போட்டார். இடது, இடது, வலது. இடது, இடது, வலது. பழைய படக்காட்சிகளில் தெரியும் அந்த விந்தையான தாளம் இதுதான்.

இதன் விலை என்ன என்று பாருங்கள். வலது கால் ஒருமுறை தரையைத் தொடும்போது இடது கால் இருமுறை தொடுகிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் பாதத்தில் இறங்குவது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே இடது பாதமும் கணுக்காலும் முன்னங்கால் எலும்பும் இரட்டை வேலை பார்த்தன. நகங்கள் உதிர்ந்தன, முட்டி வீங்கியது. கணுக்கால் வலி ஒரு கட்டத்தில் எலும்பு விரிசலோ என்று பயப்படும் அளவுக்குப் போனது. பார்த்தால் தசைநார் அழற்சி. வலி மருந்தோடு திரும்பவும் சாலைக்கு வந்தார்.

வலது பக்கத்துத் துன்பம் வேறு மாதிரி. வெட்டிய தொடை எலும்பின் முனையில் எடையைத் தாங்க முடியாது. எடையெல்லாம் செயற்கைக் காலில் தொடை பொருந்தும் கிண்ணத்தின் மேல் விளிம்பில், இடுப்பை ஒட்டிய இடத்தில் இறங்கும். உள்ளே தோலும் கண்ணாடியிழையும் உரசும். வியர்த்தால் பிடி தளரும், தளர்ந்தால் கிண்ணம் மேலும் கீழும் நகரும், நகர்ந்தால் கொப்புளம், பிறகு நீர்க்கட்டி, பிறகு இரத்தம். டெரியின் காலில் இரத்தம் கசிந்ததைப் பார்த்தவர்கள் பதறினார்கள். முதல் இருபது நிமிடம்தான் கொடுமை, அதைத் தாண்டினால் வலி ஒரு நிலைக்கு வந்துவிடும் என்று அவர் கண்டுவைத்திருந்தார்.

நம் ஊரில் கால் இழப்பவர்களுக்கு நீரிழிவே முக்கியக் காரணம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெரி வலியைத் தாண்டி ஓடியதை நீரிழிவு உள்ளவர் பின்பற்றக் கூடாது. அவருக்குத் தோலில் உணர்ச்சி இருந்தது. நீரிழிவு நரம்பைக் கெடுத்தவருக்கு வலி வருவதற்கு முன்பே புண் வந்துவிடும். சிங்கப்பூர் வெப்பத்தில் செயற்கைக் காலோடு நடைப்பயிற்சி செய்பவர்கள் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, காலைக் கழற்றி, சிலிக்கோன் உறையின் உட்புறத்தையும் தோலையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். செயற்கைக் கால் செய்து தந்தவரிடம் காட்டிக் கிண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். முதல் நாள் அவர் ஓடியது அரை மைல். ஓராண்டுக்கும் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் நாளுக்கு 23 மைல், அதாவது 37 கிலோமீட்டர் என்ற அளவுக்கு வந்தார். இந்த 37ஐயும் மேலே சொன்ன சராசரி 37.6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சியில் எதைத் தாங்கினாரோ அதையே சாலையிலும் ஓடினார். புறப்படும் முன் பயிற்சியில் மட்டும் ஓடியது 5,000 கிலோமீட்டருக்கு மேல். கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் நின்றார், அதுவும் அம்மா கேட்டதால். 1979இல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் 27 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டு எல்லாருக்கும் கடைசியாக, முன்னால் போனவருக்குப் பத்து நிமிடம் கழித்து முடித்தார். அதன் பிறகுதான் கனடாவைக் கடக்கும் எண்ணத்தை வீட்டில் சொன்னார். அதுவரை வான்கூவர் மாரத்தானுக்குத் தயாராகிறான் என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள்.

சாலையில் வேலை முறையும் எளிமையானதுதான். விடிவதற்கு முன் எழுந்து, தூரத்தில் பாதியை வெயில் ஏறுவதற்குள் முடிப்பது. வேனில் படுத்து ஓய்வு. பிற்பகலில் மீதி. கூட வந்த நண்பர் டக் வேனை ஒரு மைல் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். டெரி அதுவரை ஓடி, தண்ணீர் குடித்து, அடுத்த மைல். மூளையிலும் அப்படித்தான் பிரித்தார். கடலிலிருந்து கடல்வரை என்று அவர் நினைக்கவில்லை. அதோ அந்தப் பலகை, அதோ அந்த வளைவு, அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓடுகிறவர்கள் அடுத்த விளக்குக் கம்பத்தைக் குறிவைப்பதும் இதே உத்திதான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று மகன் சொல்ல வேண்டாம். ஓட்டம் தொடங்கிய கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் முதல் நாள்களில் சூறைக்காற்றும் பனியும். கியூபெக்கில் அவரைப் பற்றிய செய்தி போய்ச் சேரவில்லை. வண்டிக்காரர்கள் சாலையோரத்துக்கு ஒதுக்கித் தள்ளினார்கள், பணமும் அதிகம் சேரவில்லை. அதற்கும் முன்பே, இரண்டே பேர் ஒரு வேனுக்குள் வாழ்ந்ததில் டெரிக்கும் டக்குக்கும் பேச்சே நின்றுபோனது. இருவருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று 17 வயதுத் தம்பி டாரலை வரவழைத்தார்கள். பெரிய காரியங்கள் இப்படிச் சின்ன உரசலில்தான் உடையப் பார்க்கும். மூன்றாவது ஆளைச் சேர்த்தது நல்ல தீர்வு என்பது என் கருத்து.

இனி, நோய் திரும்பியது. செப்டம்பர் 1, ஒன்டாரியோவின் தண்டர் பே நகருக்கு வெளியே கடும் இருமலும் நெஞ்சுவலியும் வந்தன. சாலையோரம் மக்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் இன்னும் சில மைல் ஓடிவிட்டுத்தான் வேனில் ஏறினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டத்தால் பரவவில்லை. ஆஸ்டியோசர்கோமா இரத்தத்தின் வழியே போய்ப் பெரும்பாலும் முதலில் நுரையீரலில்தான் குடியேறும். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் கால் எடுத்த காலத்திலேயே அங்கே இருந்திருக்கக்கூடும். ஆனால் ஓட்டத்தின்போது மருத்துவப் பரிசோதனைகளுக்குப் போக மறுத்தார் என்பதும் உண்மை. இதயத்தின் ஓர் அறை தடித்திருந்தது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அதையும் பொருட்படுத்தவில்லை. அவரை நேசிப்பவர்கள் இதை மறைக்கத் தேவையில்லை. மாணவர்கள் முன் பேசும்போது இதைத் தெளிவாகச் சொல்வது நல்லது.

அடுத்த ஆண்டு, 1981 ஜூன் 28 அன்று, 23ஆம் பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில் இறந்தார். இன்று இதே நோய் பரவுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால் மூவரில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் காலையே எடுப்பதில்லை. நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோகம் பொருத்துகிறார்கள்.

பணக் கணக்கைப் பேசாமல் டெரியைப் பற்றிப் பேச்சே முழுமையாகாது. முதலில் அவர் நினைத்தது பத்து லட்சம் கனடா டாலர். நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூரில் ஏறக்குறைய 10,000 பேர். அவர்கள் கொடுத்தது 10,000 டாலர். அங்கே பிறந்தது ஆளுக்கு ஒரு டாலர் என்ற எண்ணம். கனடாவின் மக்கள் தொகை அப்போது 24 மில்லியன், எனவே இலக்கும் 24 மில்லியன். ஓட்டம் நின்றபோது சேர்ந்திருந்தது 1.7 மில்லியன்தான். அடுத்த வாரம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 10.5 மில்லியன் வந்தது. 1981 பிப்ரவரியில் 24.17 மில்லியனைத் தொட்டது. இலக்கு நிறைவேறியதை அவர் உயிரோடிருந்து பார்த்தார். மீதி வழியைத் தாங்கள் ஓடி முடிப்பதாக டொரோண்டோ ஹாக்கிக் குழுவினர் முன்வந்தபோது மறுத்துவிட்டார். தானே திரும்பி வந்து முடிப்பேன் என்றார்.

வேன், எரிபொருள், காலணி என்று நிறுவனங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். தங்கள் பொருளை விளம்பரப்படுத்தச் சொன்ன நிறுவனங்களை வேண்டாமென்றார். 1981 செப்டம்பர் 13 அன்று நடந்த முதல் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3,00,000 பேர் கலந்துகொண்டார்கள், 3.5 மில்லியன் சேர்ந்தது. போட்டி இல்லை, பரிசு இல்லை, வெற்றியாளர் இல்லை. இன்றுவரை 800 மில்லியன் கனடா டாலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது.

உங்கள் மூன்றாவது கேள்வி. சிங்கப்பூரிலும் கனடியர்களின் அமைப்பு கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் இந்த ஓட்டத்தை நடத்தியிருக்கிறது. "டெரி ஃபாக்ஸ் ஓட்டம்" என்ற பெயரையே வைக்க வேண்டுமென்றால் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். பெயர் வேண்டாம், முறை மட்டும் போதும் என்றால் உங்கள் வசிப்போர் கட்டமைப்பு வழியாகச் சமூக மன்றத்தில் பேசித் தொடங்குங்கள்.

பணம் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் போல, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் தகுதி பெற்ற அமைப்பாக இருந்தால் நல்லது. 2026 இறுதிவரை அத்தகைய நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. 100 வெள்ளி கொடுத்தால் வருமானத்தில் 250 வெள்ளி கழியும். அதற்கு நன்கொடையாளர் தம் அடையாள அட்டை எண்ணைத் தர வேண்டும். எழுத்து மூலம் அந்த அமைப்பின் ஒப்புதலை வாங்காமல் சுவரொட்டியில் அதன் பெயரைப் போடக் கூடாது. பணம் செலுத்தும் பேநவ் கியூஆர் கட்டத்தை அமைப்பின் பதிவு எண்ணுக்கே வையுங்கள். ஏற்பாட்டாளரின் கைப்பேசி எண்ணுக்கு வைத்தால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு கிளம்பும். வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்துவதற்கு உரிமம் தேவை. பணம் வெளிநாட்டுக்குப் போவதானால் அறநிறுவனங்களின் ஆணையரிடம் தனி அனுமதி. பூங்காவில் நடத்தினால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி. செலவு திரட்டிய தொகையில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சட்டை, பதக்கம், மேடை, ஒலிபெருக்கி என்று போனால் 200 பேர் ஓட்டத்தில் அந்த 30 சட்டென்று தீர்ந்துவிடும். டெரியின் முறையில் பதக்கமே கிடையாது என்பதால் பெரிய செலவு தானாகக் குறையும்.

தூரம் 3 கிலோமீட்டரும் 5 கிலோமீட்டரும் போதும். நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம், பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டும் வரலாம். காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் கலைந்துவிடுங்கள். ஒவ்வொரு 1.5 கிலோமீட்டருக்கும் தண்ணீர் வையுங்கள். இடி மின்னல் வந்தால் எந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்குவது என்பதை முதல் நாளே குறித்துவையுங்கள். கட்டணத்துக்குப் பதில், புளோக்கில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வெள்ளி என்று கேட்டுப் பாருங்கள். 400 பேர் குடியிருந்தால் இலக்கு 400 வெள்ளி. மின்தூக்கி அருகே அறிவிப்புப் பலகையில் இலக்கையும் சேர்ந்ததையும் தினமும் எழுதுங்கள்.

மகனுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. புறப்பட்ட அன்று டெரி தன் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்து, இரண்டு புட்டிகளில் கடல்நீரை நிரப்பினார். ஒன்று நினைவுக்கு, மற்றொன்று பசிபிக்கில் ஊற்ற. பேச்சை அங்கே தொடங்கச் சொல்லுங்கள். தண்டர் பேயில் அவர் நின்ற இடத்துக்கு அருகே 2.7 மீட்டர் உயர வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் முகம் மேற்கே, பசிபிக் இருக்கும் திசையைப் பார்த்திருக்கும்.